சூட்டு ஊசி: படத்தில் ஒன்று, கட்டுரையில் வேறொன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குச் சூட்டு ஊசி அக்குபங்சர் சிகிச்சை செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் ஆரோக்கியப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் முழங்கால் வலி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் எங்கள் பகுதியில் கைமாறிக் கைமாறிப் போனது. நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் அதைக் கத்தரித்துக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டியும் வைத்துவிட்டார்கள். இவ்வளவு பேர் நம்பி வாசித்த ஒன்றில் பெரிய பிழை இருப்பதைக் கண்டும் பேசாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கட்டுரையின் எழுத்தில் வருவது, ஊசியைத் தீயில் செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சிக் கண் மூடித் திறப்பதற்குள் குத்தி எடுக்கும் முறை. அதற்கு மேலே போட்டிருக்கும் படத்திலோ, ஒரு மூதாட்டியின் முழங்காலில் நிற்கும் மெல்லிய ஊசிகளின் பிடியில் சுருட்டுத் துண்டு போன்ற ஏதோ ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது. இவை இரண்டும் ஒரே சிகிச்சை அல்ல; ஒன்றுக்குரிய பலனை மற்றதற்கும் சேர்த்து எழுதிவிடவோ, ஒன்றுக்குரிய ஆபத்து இரண்டிலுமே இல்லை என்று சொல்லிவிடவோ முடியாது.

சீனர்கள் இந்த மருத்துவத்தைக் குறிக்க வழங்கும் 'ஜென்ஜியூ' என்ற சொல்லிலேயே ஊசி குத்துவதும் மூலிகையைச் சுட்டு வெப்பம் ஏற்றுவதும் சேர்ந்து இருக்கின்றன. ஐரோப்பியர் இலத்தீனிலிருந்து எடுத்து வைத்த பெயரில் ஊசி மட்டுமே மிஞ்ச, சூடு விடுபட்டுப் போனது. யுனெஸ்கோ 2010 ஆம் ஆண்டில் இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டையும் சேர்த்தே பதிவு செய்தது. படத்தில் இருப்பது அந்த மரபில் வரும் மென்சூட்டு முறை. ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண அக்குபங்சர் ஊசியை முதலில் குத்தி நிறுத்திவிட்டு, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த செடியின் இலையைக் காயவைத்து இடித்துச் சலித்துப் பஞ்சு போல ஆக்கிய 'மொக்சா' என்ற பொருளைச் சிறிய உருளையாக உருட்டி, ஊசியின் பிடியில் செருகிக் கொளுத்துகிறார்கள். கனல் தோலில் படுவதில்லை. ஊசியின் உலோகம் வழியாகக் கொஞ்சமும், மேலிருந்து காய்வதால் கொஞ்சமுமாகச் சூடு இறங்குகிறது. பிடி உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பிடி உருகிவிடும். சாம்பல் விழுந்தால் தாங்குவதற்காக, நடுவில் கீறிய மட்டைத் துண்டு ஒன்றை ஊசியைச் சுற்றித் தோலின்மேல் வைப்பார்கள். இந்த மட்டைத் துண்டை வாசகர்கள் மனதில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எழுத்தில் இருப்பது தீ ஊசி முறை. இதற்குப் பயன்படுவது டங்ஸ்டன் கலந்த, இன்னும் தடித்த ஊசி; அது ஸ்பிரிட் விளக்கின் சுவாலையில் சிவக்கும்வரை காய்ச்சப்பட்டு, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது. போய்வந்த இடத்தில் நிற்பது ஒரு சிறு தீக்காயம். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 என்று வகுத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒற்றடம் ஒன்று, காய்ச்சிய பொருளால் தோலில் சூடு போடும் சுட்டிகை வேறொன்று. இரண்டும் சூடுதான் என்று சொல்லி நம்முடைய முன்னோர்கள் அவற்றை ஒரே பெயரில் அடக்கிவிடவில்லை. மென்சூட்டு ஊசி ஒற்றடத்தின் பக்கம் நிற்கிறது, தீ ஊசி சுட்டிகையின் பக்கம் நிற்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

நான் அரசாங்க வைத்தியசாலைகளில் 27 ஆண்டுகள் மருந்தாளராக வேலை செய்து இளைப்பாறியவன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என்னுடைய அம்மாவுக்கு இப்போது 71 வயது. பதினாறு வயதில் கொழுந்து எடுக்கத் தோட்டத்தில் பேர் பதிந்து, இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலை ஏறி இறங்கியவர். சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு நின்ற பிறகும் சில ஆண்டுகள் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனார். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்கால் நோவது இறங்கும்போதுதான் என்று அவர் எப்போதும் சொல்வார். ஜெர்மனியில் செயற்கை முழங்கால் பொருத்தப்பட்டவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பார்த்து 2010 இல் வெளியிட்ட அளவீடுகளும் இதையே சொல்கின்றன. சமதரையில் நடக்கையில் உடல் எடையின் இரண்டரை மடங்குக்கும் சற்று மேலான பாரம் மூட்டில் விழுகிறது, படி ஏறுகையில் அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது, படி இறங்குகையில் மூன்றரை மடங்கை நெருங்குகிறது. இது வெறும் உடலின் கணக்கு. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். மழை நாளில் அது ஈரத்தோடு கூடையில் கிடந்து மேலும் கனக்கும். நிறுவைக்கு அதைச் சுமந்துகொண்டு சறுக்கும் படிக்கட்டில் இறங்கியவர்களின் முழங்காலுக்கு எந்த ஆய்வுகூடமும் கணக்குப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. தேய்மானம் வயதினால் மட்டும் வருவதில்லை. குந்தியிருந்தும் முழந்தாளிட்டும் பாரம் சுமந்தும் செய்யும் தொழில்களில் அது கூடுதலாகக் காணப்படுகிறது, பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பின்னர், மேலும் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சந்திக்கும் இடம் எங்கள் மலையகம். தங்கள் கட்டுரையில் தொழில் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடந்த ஆண்டு என் தங்கையின் வற்புறுத்தலால் அம்மாவை நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த சூட்டு ஊசி சிகிச்சைக்குக் கூட்டிப் போனோம். அந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. யாரையும் பழிப்பது இக்கடிதத்தின் நோக்கம் அல்ல. ஒரு தடவைக்கு வாங்கிய கட்டணம் தோட்டத்தில் இரண்டு நாள் பேருக்கும் கூடுதலானது. நான் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாரின் இரு பக்கமும் விழும் பள்ளங்களில் இரண்டு ஊசிகள், அங்கிருந்து நான்கு விரற்கடை கீழே வெளிப்பக்கமாக ஒன்று, தொடையின் உட்புறம் ஒன்று. அந்தப் பள்ளங்களில் வெளிப்பக்கத்தில் இருப்பதைச் சீனர்கள் 'கன்றுக்குட்டியின் மூக்கு' என்று அழைக்கிறார்கள். முழங்காலை மடக்கிவைத்துப் பார்த்தால், அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். மொக்சா புகையத் தொடங்கியதும், கவ்வாத்து முடிந்த மலையில் குப்பைக்கு நெருப்பு வைத்த வாசம் அடிக்கிறது என்று அம்மா சொல்லிச் சிரித்தார். அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு அவர் நடு இரவில் எழும்பாமல் தூங்கினார். இரண்டாம், மூன்றாம் தடவைகளுக்குப் பிறகு குசினியில் முக்காலி போடாமல் நின்றே சமைத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே சூட்டு ஊசியால் ஒரு சுகமும் இல்லை என்று சொல்லும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன்.

நான்காவது தடவைதான் அது நடந்தது. அன்று நெரிசல் அதிகம். ஊசி குத்தியவர் மட்டைத் துண்டை வைக்காமலே கொளுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கனல் பிடித்த சாம்பல் துண்டு ஒன்று முழங்காலின் உட்பக்கம் விழுந்து கிடந்திருக்கிறது. அம்மாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சீனி வியாதி இருக்கிறது. கால் மரத்துப்போன நிலையில் அவருக்கு ஏதோ சற்றுக் கூடுதலாகச் சூடு ஏறுவதாகத்தான் தோன்றியது, சூடு ஏறினால்தானே சுகம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சேலையை உயர்த்திப் பார்த்தபோது ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கொப்புளம். அது உடைந்து, புண்ணாகி, ஆறுவதற்கு ஏழு வாரங்கள் எடுத்தன. முதல் நாளிலிருந்து ஒருவரும் அவரிடம் சீனி இருக்கிறதா என்றோ, இரத்தத்தை இளக்கும் குளிசை பாவிக்கிறாரா என்றோ கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். 27 ஆண்டுகள் மருந்துச் சீட்டைப் பார்த்து, சீனி இருக்கிறதா, அல்சர் இருக்கிறதா என்று அடுத்தவர்களிடம் கேட்ட நான், அன்று என் தாயை மேலே அனுப்பிவிட்டுக் கீழே கடையில் பத்திரிகை வாங்கிக்கொண்டு நின்றேன். சிகிச்சை செய்தவர் பிறகு வருத்தம் தெரிவித்தார், கட்டணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார். அதை நாங்கள் வாங்கவில்லை.

கட்டுரையில் பக்க விளைவு எதுவும் இல்லாத சிகிச்சை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தோலைத் துளைத்து, அதன்மேல் நெருப்பையும் வைக்கும் ஒன்றுக்கு அந்த வாக்கியம் எப்படிப் பொருந்தும்? மென்சூட்டு முறையில் தீக்காயம் பொதுவான ஆபத்து, அதுவும் உணர்ச்சி குறைந்த காலில். தீ ஊசியில் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஆழம் தவறி ஊசி மூட்டுக் குழிக்குள் இறங்கினால், கிருமி புகுந்து மூட்டே சீழ் பிடிக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் அது காத்திருந்து பார்க்கும் நோய் அல்ல, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோய். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதும், வார்பரின் போன்ற, இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்வதும் எல்லா அக்குபங்சருக்கும் பொதுவானவை. கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் 1970களில் வைத்தியர் அன்டன் ஜயசூரிய அக்குபங்சரைப் பரப்பத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த நாட்டில் இச்சிகிச்சை நடந்து வருகிறது. முறையாகக் கற்று, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, கை கழுவி, புது ஊசி பிரித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பக்க விளைவே இல்லை என்று எழுதுவது அவர்களுக்கும் செய்யும் அநீதி, ஏனெனில் அவர்கள் எடுக்கும் கவனத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

அம்மாவின் சுகம் எவ்வளவு நாள் நின்றது என்று கேட்பீர்கள். புண் காரணமாகச் சிகிச்சையை நிறுத்திய பிறகு ஐந்து வாரங்கள் போல நின்றது, பிறகு பழைய வலி பழைய இடத்துக்கே வந்தது. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததா என்று அறியத்தான் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். 2005 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஜெர்மன் ஆய்வில் 294 பேர் கலந்துகொண்டார்கள். எட்டு வாரச் சிகிச்சை முடிந்த நேரத்தில், முறையான புள்ளிகளில் ஊசி குத்திக்கொண்டவர்கள், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களைவிடத் தெளிவாகவே சுகமாக இருந்தார்கள். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. அடுத்த ஆண்டு அதே நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், ஆறு மாத முடிவில் முறையான ஊசியால் 53 வீதமானோரும் போலி ஊசியால் 51 வீதமானோரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். ஊசியே இல்லாமல் வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அந்தத் தொகை 29 வீதம்தான். இந்த மூன்று எண்களையும் நான் பல தடவை திருப்பிப் பார்த்தேன். குத்தும் இடம் எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே பலன். ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, காலைத் தொட்டுப் பார்த்து, நேரம் செலவழித்து ஏதோ செய்வது, குளிசையை முதன்மையாகக் கொண்ட வழமையான சிகிச்சையைவிட மிகக் கூடுதலான சுகத்தைத் தருகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு சிறிய யன்னல் வழியாகக் குளிசைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்த எனக்கு இது இலேசாக விழுங்கக்கூடிய செய்தி அல்ல.

2014 இல் அவுஸ்திரேலியாவில் 50 வயதைத் தாண்டிய 282 பேரிடம் நடத்திய ஆய்வு, போலிச் சிகிச்சையைவிட ஊசியால் கூடுதல் பலன் இல்லை என்றது. 2021 இல் சீனாவில் 480 பேரிடம் நடத்திய ஆய்வு, ஊசியில் மென்மின்சாரம் செலுத்தும் முறைக்குப் போலியைவிடக் கூடுதல் பலன் கண்டது. வைத்தியர்களுக்கான வழிகாட்டிகளும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் சங்கம் 2019 ஆம் ஆண்டின் வழிகாட்டியில், உறுதியான பரிந்துரையாக அல்லாமல், அக்குபங்சரைச் செய்து பார்க்கலாம் என்ற அளவில் சொல்கிறது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் தேசிய நிறுவனம் (NICE) 2022 இல், மூட்டுத் தேய்மானத்துக்கு அதை வழங்க வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டது. இவை பெரும்பாலும் சூடில்லாத ஊசியைப் பற்றியவை. சூட்டு ஊசிக்கென்று தனியாக வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவில் சிறிய எண்ணிக்கையில் நடந்தவை, அவற்றில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊசி உண்மையில் குத்தியதா, குத்தியது போல் பாவனை செய்ததா என்பதை நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம். முழங்காலில் ஏறும் சூட்டையும் அறை நிறையும் புகையையும் யாரிடமிருந்து மறைப்பது? மறைக்க முடியாத இடத்தில், சுகம் தந்தது ஊசியா, சூடா, நம்பிக்கையா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். என் அம்மாவைக் கேட்டால் சூடுதான் என்பார். குளிர்காலத்தில் உமியை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்து வளர்ந்தவர் அவர். சூடு படும்போது அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தசை இளகுகிறது, வலியை உணரும் அளவு சற்றுக் குறைகிறது. எங்கள் குளிரில், மாலை நாலு மணிக்குப் பனி இறங்கும் இடத்தில், இதற்கு மதிப்பு உண்டு. உமி ஒற்றடத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதையும் வாசகர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் கட்டுரை சொல்வது சுகத்தைப் பற்றி அல்ல. தேய்ந்த குருத்தெலும்பு சூட்டு ஊசியால் மீண்டும் வளரும், சத்திரசிகிச்சைக்கு வேலை இருக்காது என்று அது எழுதுகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால்தான் அது தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாமல் தேய்கிறது. அதனால்தான் தேய்மானம் தொடங்கிப் பல ஆண்டுகள் வலி தெரியாமலும் இருக்கிறது. வலி வருவது அதைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும் களைத்துப்போன தசையிலிருந்தும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டோடு ஓடியாடித் திரிபவர்களும், படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் துடிப்பவர்களும் இருப்பது இதனால்தான். வலி குறைந்தது என்பதற்காக எலும்பின் இடைவெளி நிரம்பிவிட்டது என்று எண்ணுவது, காய்ச்சல் இறங்கியதும் கிருமி செத்துவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்துவதைப் போன்றது. எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா, கட்டுரையை வாசித்துக் கேட்ட பிறகு, கிளினிக்கில் தந்த இரத்த அழுத்தக் குளிசையையும் சேர்த்தே நிறுத்திவிட்டதாக அறிந்தேன். ஊசி போட்டால் எல்லாம் போய்விடும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குளிசையை நான் இங்கே தூக்கிப் பிடிக்கவில்லை. வலிக்குளிசையான டைக்ளோபெனாக்கை மிட்டாய் போலச் சில்லறைக் கடையில் வாங்கி விழுங்கி, வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் தேடிக்கொண்டவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பனடோலால் தேய்மான வலிக்குக் கிடைக்கும் பலனும் நாம் நினைப்பதைவிடச் சிறிது. குளிசையின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஊசி ஒருவருக்கு உதவுமானால், அவருக்குப் பணமும் இருந்து, செய்பவருக்குப் பயிற்சியும் இருந்தால், அதைத் தடுக்க நான் யார்? அது என்ன செய்யும், எவ்வளவு நாள் செய்யும், யாருக்குக் கூடாது என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்பதுதான் என் வாதம்.

முரண்பட்டு நிற்கும் அந்த இரண்டு வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்லும் விடயம் ஒன்று இருக்கிறது. அது தங்கள் கட்டுரையில் இடம்பெறவே இல்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், உடல் கனத்தவர்கள் எடையைக் குறைப்பதும்தான் அது. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005 இல் அமெரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அம்மாவின் புண் ஆறிய பிறகு, அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போனோம். இரண்டு பஸ் மாறிப் போய், காலை ஆறரை மணிக்கு வரிசையில் நின்று, பத்து நிமிடம்தான் கிடைத்தது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை காட்டிக்கொடுத்தது இன்றைக்கும் நடக்கிறது. லயத்து வாசலில் இருக்கும் வாங்கில் அமர்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, தொடை இறுகும்படி பத்து எண்ணும்வரை பிடித்துவைத்து இறக்க வேண்டும். அம்மா எண்களை எண்ணுவதில்லை. ஒன்றாம் நம்பர் மலை, ரெண்டாம் நம்பர் மலை என்று தான் கொழுந்து எடுத்த மலைகளை வரிசையாகச் சொல்வார். பத்தாம் நம்பர் மலை வந்ததும் காலை இறக்குவார். ஏழாம் நம்பர் மலை இப்போது காடாகிவிட்டது என்று ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவதால் அங்கே இரண்டு விநாடி கூடும், அது பயிற்சிக்கு நல்லதுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு மாரியம்மன் கோயில் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினார். வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, இறங்க முடிகிறது என்று சொன்னார்.

ஊன்றுகோலுக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. கொழுந்து மட்டத்தைப் பார்க்க மட்டக்கம்பை நாற்பது ஆண்டுகள் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு தடியைப் பிடிப்பது புதிதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அது வேலைக்குப் பிடித்த கம்பு, இது வயதுக்குப் பிடிக்கும் கம்பு என்று பதில் வந்தது. தடி பிடிப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதையாவது இங்கே எழுதிவைக்கிறேன், பெரும்பாலானோர் மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு நாள் பேரை இழந்து நகரத்துக்குப் போக முடியாதவர்கள்தான் எங்கள் தோட்டங்களில் அதிகம். நகரத்து மேல்மாடிகளிலும் ஊருக்கு ஊர் வரும் முகாம்களிலும் சூட்டு ஊசிக்குக் கூட்டம் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டத்து டிஸ்பென்சரிகளில் வாரத்தில் ஒரு நாளாவது இயன் மருத்துவர் ஒருவர் வந்து இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யும்படி தோட்ட நிருவாகங்களையும் சுகாதாரத் துறையையும் தொழிற்சங்கங்களையும் தங்கள் பத்திரிகை கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கிலோவையும் ரூபாயையும் வைப்பவர்கள், முழங்காலையும் ஒரு தடவை அந்த மேசைமேல் வைத்துப் பேசினால் என்ன?

தங்களிடம் எனக்கு இருக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஞாயிறு இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், படத்தில் இருந்தது மென்சூட்டு முறை, கட்டுரையில் விவரித்தது தீ ஊசி முறை என்று ஒரு திருத்தம் போடுங்கள். குருத்தெலும்பு வளரும் என்ற வரியையும், பக்க விளைவு இல்லை என்ற வரியையும் விலக்கிக்கொள்வதாக எழுதுங்கள். சீனி வியாதி உள்ளவர்களும், கால் மரத்துப்போனவர்களும், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களும் ஊசிக்குப் படுக்கும் முன்னர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும், மட்டைத் துண்டு வைக்காமல் கொளுத்தினால் வேண்டாம் என்று எழும்பிவிட வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். தேநீர்க் கடைக்காரரிடம் பேசிவிட்டேன். திருத்தம் வந்தால் அதையும் கத்தரித்துப் பழைய பக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
இளைப்பாறிய மருந்தாளர் ஒருவர்,
ஹட்டன்.